மூன்று வரிசை ஜன்னல், ஐந்து மாடி

சாப்பாட்டு மேசைமேல் தினமும் தூசி விழுந்தது. ஃபிரிட்ஜ் தலையில் விழவில்லை.

புது வீட்டுக்குக் குடிவந்த பல் டாக்டரின் கண்ணில் பட்ட முதல் குறை இது ஒன்றுதான். வேறு யாராவது என்றால் இதைக்கூடக் கவனித்திருக்க மாட்டார்கள். அடுத்தவர் வாய்க்குள் தலையை விட்டு, கடுகளவு கறுப்பைத் தேடிப் பிடித்து, அதற்காக ரொம்ப வருத்தப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொள்வதே அவருடைய பிழைப்பு என்பதால், கண் தானாகப் போய் நின்றது. மாலையில் கிளினிக்கிலிருந்து வந்து விளக்கைப் போட்டால், மேசையின் கறுப்புக் கண்ணாடிமேல் சாம்பல் நிறத் தூசிக் கோடுகள், சீப்பால் வாரிவிட்டதுபோல், ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியில், தெருப்பக்கத்திலிருந்து சமையலறைவரை நேராக ஓடும். விரலால் தொட்டு முகர்ந்தால், நெடுநாள் பூட்டிக் கிடந்த மர அலமாரியைத் திறந்த வாசனை. சோபாவிலும் அதே கோடுகள், கட்டில் விரிப்பிலும் அதே கோடுகள். ஆனால் ஆள் உயரத்துக்கு நிற்கும் ஃபிரிட்ஜின் உச்சியை எத்தனை முறை தடவிப் பார்த்தாலும், கொதிநீரில் போட்டெடுத்த பல் இடுக்கிபோல் சுத்தம்.

"தூசிக்கும் நம்ம வயசுதான் போல, மேல ஏற முடியல," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, பழியை ஏசிமேல் போட்டுவிட்டுத் துடைத்தார்.

மற்றபடி வீடு அமர்க்களமான வீடு. நகரத்தின் மிகப் பழைய பகுதி. கார் நுழைந்தால் பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு போகவேண்டிய கல் பாவிய தெருக்கள், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து தூங்கும் உயரமான வீடுகள். முகப்புச் சுவர்களில் யாரும் கை வைக்கக் கூடாது என்று அரசாங்க உத்தரவு. எனவே கட்டடக்காரர்கள் தெருவைப் பார்த்த சுவரை மட்டும் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, பின்னால் இருந்த அத்தனையையும் வழித்தெடுத்து, அந்தக் கூட்டுக்குள் லிஃப்ட்டும் உடற்பயிற்சிக் கூடமும் கைரேகைப் பூட்டுமாக ஒரு புத்தம்புதுக் கட்டடத்தைச் சொருகியிருந்தார்கள்.

"அதாவது மேல் கூட்டை மட்டும் விட்டுட்டு உள்ளே சுரண்டி அடைச்சிருக்கீங்க," என்றார் டாக்டர், வீட்டைக் காட்ட வந்த புரோக்கரிடம். "நான் தினம் பண்ற வேலைதான். வேர்ல ஏதாவது மிச்சம் வெச்சிட்டா பின்னாடி வலிக்கும், பார்த்துக்குங்க."

புரோக்கர் புரியாமலே விழுந்து விழுந்து சிரித்தார். அது அவர் தொழில்.

முதல் மாடி. வரவேற்பறையின் தெருப்பக்கச் சுவரில் ஜன்னல் இருந்தது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். தரையிலிருந்து முழங்கால்வரை ஒரு வளைவு, பாதிச் சூரியன் புதைந்த மாதிரி. கூரையை ஒட்டி ஒரு பட்டை. நடுவில், மனிதனுக்குக் கண் இருக்கும் இடத்தில், வெறும் பழைய செங்கல்.

"ஜன்னல் ஏன் இப்படி ரெண்டு துண்டா இருக்கு?"

"பிரைவசி சார்! தெருவுல போறவன் எட்டிப் பார்த்தா உங்க கணுக்கால்தான் தெரியும். கணுக்காலைப் பார்த்து யார் சார் திருட வரப்போறாங்க?"

செங்கல் சுவரை வேண்டுமென்றே பூசாமல் விட்டிருந்தார்கள். அதில் டாக்டரின் நெஞ்சு உயரத்தில், ஒரு கோட்டில், சதுரச் சதுரமான குழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு பதித்து, அலங்காரம் என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். அவற்றைப் பார்த்ததும் டாக்டருக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: வரிசையாகப் பிடுங்கியிருக்கிறார்கள். சாவிக்கொத்தை ஒரு குழியில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

அவருக்கு இந்த வீடு தேவைப்பட்டது. மனைவியும் அவரும் பிரிந்ததிலிருந்து கிளினிக்குக்குப் பின்னால் இருந்த அறையில், பல் அச்சுகளுக்கும் அச்சு வார்க்கும் மாவு மூட்டைக்கும் நடுவே மடக்குக் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். அங்கே மகளைக் கூட்டிவந்து தங்கவைப்பதாவது! "அலமாரி நிறைய பல்லு இளிக்கிற ரூம்ல குழந்தை எப்படித் தூங்குவா? மனுஷங்க இருக்கிற மாதிரி ஒரு வீடு பாருங்க. அப்புறம் அனுப்புறேன்," என்று மகளின் அம்மா சொல்லியிருந்தாள். நியாயமான பேச்சு; அதனால்தான் வலித்தது. மகளுக்கு வீட்டில் பெயர் மிளகு. உருவத்தில் பொடி, வாயில் காரம். வருகிற சனிக்கிழமை முதல்முறையாக அப்பாவோடு தங்க வருகிறாள். பயந்தோ அழுதோ பாதியில் திரும்பிப் போனால், அடுத்த சனிக்கிழமை என்று ஒன்று இருக்காது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

ஆகவே சின்னக் கட்டில் வாங்கினார். மஞ்சள் போர்வை வாங்கினார். பிறகு, எல்லாம் தயாரான வீட்டில், ஒன்றும் செய்யத் தோன்றாமல் சோபாவில் படுத்துக் கிடந்தார்.

பல் டாக்டரின் தனிமை கொஞ்சம் வேடிக்கையானது. நாள் முழுக்க அவர் பேசிக்கொண்டே இருப்பார். மழை, அரசியல், தன் முழங்கால் வலி, எல்லாம். எதிரில் இருப்பவரின் வாயில் பஞ்சும் குழாயும் இருக்கும். "ஆ" என்பதற்குமேல் அவருக்கு எவரும் பதில் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்தால் அந்த "ஆ"வும் கிடையாது.

அதனால்தான், ஒரு மாலை, விளக்கைப் போடாமல் அவர் மல்லாந்து கிடந்தபோது மேலே குழந்தை ஓடும் சத்தம் கேட்டதும் அவருக்கு எரிச்சல் வரவில்லை. குதிகால் பதியாத ஓட்டம். தெருப்பக்கத்திலிருந்து சமையலறைப் பக்கம், பிறகு திரும்பி. உருண்டையாக ஏதோ ஒன்று விழுந்து, உருண்டு, சுவரில் மோதி நின்றது. அடுக்குமாடியில் காலம் தள்ளியவர்கள் எல்லோருக்கும் இதற்கு மருந்து தெரியும். அவர் எழுந்துபோய்த் தரை துடைக்கும் மாப்பை எடுத்துவந்து, கம்பைத் தலைகீழாகத் தூக்கி, கூரையில் தட்டினார். திட்டுவதற்காக இல்லை. பல்லைத் தட்டிவிட்டு 'வலிக்குதா?' என்று கேட்பாரே, அந்தத் தட்டு. டொக், டொக்.

ஓட்டம் நின்றது.

பிறகு, டொக், டொக்.

டாக்டர் இருட்டில் தனியாகச் சிரித்தார். ஒரு சந்தேகம் மட்டும் எழுந்தது: பதில் கூரையிலிருந்து வந்ததுபோல் இல்லை, இன்னும் கிட்டத்திலிருந்து வந்தது, கையை நீட்டினால் தொடலாம்போல். 'புதுக் கட்டடம், சத்தம் எங்கெங்கோ சுத்தி வரும்,' என்று அந்தச் சந்தேகத்தையும் சொத்தைப் பல்லைப்போல் அடைத்துவிட்டார்.

அதன் பிறகு மாலைகளுக்கு ஒரு முகம் வந்தது. அவர் வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் மேலே தட்டும் சத்தம். அவர் மூன்று தட்டினால் அங்கே மூன்று. வேகமாகத் தட்டினால் வேகம். அவர் சும்மா இருந்தால், பொறுமை இழந்த ஒரு குதி. ஒருநாள், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மாப் கம்பின் மேல் நுனியில் சிவப்பு நாடா ஒன்று பூப்போல் முடிச்சுப் போட்டிருந்தது. நிறம் போன, ஓரம் நைந்த நாடா. வீடு துடைக்க வரும் அம்மா போட்டது என்று எண்ணிக்கொண்டார். அந்த அம்மா அந்த வாரம் வரவே இல்லை என்பது அவருக்கு அப்போது நினைவில்லை.

"மேல் வீட்டுல உன் வயசுல ஒரு பாப்பா இருக்கா போல," என்றார் போனில், மகளிடம்.

"பேரு என்ன?"

"தெரியாது. தட்டுவா. நானும் தட்டுவேன்."

"அப்பா, பேரு கேக்காம ஃபிரெண்ட் ஆயிட்டியா? நீ வேஸ்ட்டுப்பா. நான் வந்து கேக்கறேன்."

அன்று மாலை அவர் சோபாவில் படுத்தபடி, மேலே பார்த்து, சத்தமாகவே சொன்னார்: "சனிக்கிழமை என் பொண்ணு வர்றா. ரெண்டு பேரும் விளையாடலாம். என்ன?"

மேலே கொஞ்ச நேரம் எந்த அசைவும் இல்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்களின் அமைதி. பிறகு குழந்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது, திரும்பத் திரும்ப, சந்தோஷம் தாங்காமல். அதன் பின்னால், மெதுவாக, கனமான வேறு கால்களும் நடந்து வந்து, அவருக்கு நேர்மேலே நின்றன.

முறையாகப் போய் அழைத்துவிடலாம் என்று அடுத்த நாள் கிளம்பினார். கையில் குழந்தைக்குப் பரிசு. பல் தேய்க்கும் பிரஷ், முயல் படம் போட்டது. குழந்தைகள் தன்னைக் கண்டால் ஏன் ஓடுகிறார்கள் என்று அவருக்கு இன்றுவரை புரிந்ததில்லை; காரணம் இதுதான். கீழே வாசலில் இருந்த செக்யூரிட்டியிடம் கேட்டார்.

"எனக்கு மேல இருக்காங்களே, அவங்க எப்ப வீட்டுல இருப்பாங்க?"

"உங்களுக்கு மேலயா? அங்க யாரும் இல்லையே டாக்டர்."

"குழந்தை ஓடுதுப்பா. தினம் கேக்கறேன்."

"அங்க இன்னும் டைல்ஸே போடல. வேணும்னா போய்ப் பாருங்க, கதவு கயிறு போட்டுத்தான் கட்டியிருக்கு." செக்யூரிட்டி குரலைத் தணித்தார். "எலியா இருக்கும் சார். பழைய ஏரியா. இங்க எலியெல்லாம் நம்ம சைஸ்ல இருக்கும்."

அவர் போய்ப் பார்த்தார். கயிற்றை விலக்கி எட்டிப் பார்த்தால், வெறும் சிமெண்ட். அதன்மேல் கட்டட வேலை முடிந்த நாளிலிருந்து படிந்த வெள்ளைத் தூள், பால் ஆடைபோல், சுவரிலிருந்து சுவர்வரை. ஒரு காலடி இல்லை. எலியின் காலடிகூட.

கிளினிக்கில் அன்று அவர் பேசவில்லை. நாற்காலியில் இருந்தவர் பயந்துபோய், வாயிலிருந்த பஞ்சைத் தானே எடுத்துவிட்டு, "டாக்டர், என் பல்லு அவ்வளவு மோசமா?" என்று கேட்டார்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பினார். உள்ளே போக மனம் வராமல், எதிர்ச் சாரியில் நின்று கட்டடத்தை முதல்முறையாக முழுசாகப் பார்த்தார். அழகான முகப்பு. மூன்று வரிசை ஜன்னல்கள்; ஒவ்வொரு ஜன்னலும் இரண்டு ஆள் உயரம். மூன்று வரிசை என்றால் மூன்று மாடி. லிஃப்ட்டில் பொத்தான் ஐந்து.

அவர் தன் வீட்டைக் கண்ணால் தேடினார். கீழ்வரிசை ஜன்னலின் தலைதான் அவர் தரையோரத்து வளைவு. நடுவரிசை ஜன்னலின் அடிதான் அவர் கூரையோரத்துப் பட்டை. இரண்டுக்கும் நடுவே, அவருடைய வரவேற்பறையின் குறுக்கே, அந்தக் காலத்தில் ஒரு தரை ஓடியிருக்க வேண்டும். மரத் தரை. அதைத் தாங்கிய உத்தரங்களின் நுனி செருகியிருந்த குழிகளில்தான் அவர் சாவி வைக்கிறார்.

தரையைப் பிடுங்கிவிட்டார்கள். சரி. ஆனால் பிடுங்கின பல் ராத்திரி வலிக்கிறது என்று எத்தனை பேர் அவரிடம் வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள்! "அங்க ஒண்ணுமே இல்லைங்க, அது உங்க மனப் பிரமை," என்று சிரித்துச் சிரித்து அனுப்பியிருக்கிறார்.

ஃபிரிட்ஜின் தலை அந்தக் கோட்டுக்கு மேலே. மேசையும் சோபாவும் கட்டிலும் கீழே. பலகை இடுக்குகள் வழியாகத்தான் தூசி கோடு கோடாக விழும்.

உள்ளே போனார். வரவேற்பறை நடுவில் நின்றார். வெளிச்சம் வளைவு வழியாக வந்து கணுக்காலை மட்டும் நனைத்தது. மேலே போகப்போக இருட்டு. நெஞ்சுக்குக் கீழே ஏசியின் குளிர், நெஞ்சுக்கு மேலே மெழுகும் பழைய துணியும் மனிதர்களும் கலந்த கதகதப்பு. குளத்தில் நெஞ்சுவரை நிற்பதுபோல், நடுவில் ஒரு விளிம்பு. இவ்வளவு நாளும் அந்த விளிம்புக்கு மேலே தலையை வைத்துக்கொண்டு அவர் இந்த அறையில் நடமாடியிருக்கிறார்.

மரம் கிறீச்சிட்டது. தலைக்கு மேலே அல்ல. தாடைக்குக் கீழே.

கனத்த கால்கள் நடந்து வந்து அவர் முகத்துக்கு எதிரே நின்றன. தடித்த துணி ஒன்று கன்னத்தில் உரசியது. நடந்து வந்தவர் நின்றதும் முன்னே வீசி, பின்னே மடிந்து அடங்கும் பாவாடையின் ஓரம். யாரோ குனிந்தார்கள், நெற்றியில் வெப்பமான காற்று பட்டது. பிறகு, உச்சந்தலையில், ஒரு சின்ன விரல்.

டொக், டொக்.

டாக்டர் அப்படியே முழங்காலில் மடங்கி உட்கார்ந்து, நாலுகாலில் படுக்கையறைக்குப் போனார்.

மறுநாள் காலை மகளின் அம்மாவுக்குப் போன் போட்டார். "இந்த வாரம் வேண்டாம்னு பார்க்கறேன். வீட்டுல ஒரு சின்ன ரிப்பேர்..."

அந்தப் பக்கம் கோபம் இல்லாத, களைத்த குரல். "மறுபடியுமா?"

"இல்ல, நிஜமாவே..."

"அவ பையை மூணு தடவை அடுக்கிட்டா. மேல் வீட்டுப் பாப்பாவுக்குன்னு படம் வேற வரைஞ்சு வெச்சிருக்கா. முடியாதுன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிக்குங்க. இதோ, போனைக் கொடுக்கறேன்."

"அப்பா!" என்றது போன். "அவகிட்ட சொல்லிட்டியா நான் வரேன்னு?"

அவர் வாயைத் திறந்தார். "சொல்லிட்டேன்," என்றது அவர் குரல்.

வேறு யோசனை வைத்திருந்தார். மகளைக் கீழ் வாசலிலேயே பிடித்துக்கொள்வது, நேரே சினிமா, பிறகு ஹோட்டல் அறை. 'நீச்சல் குளம் இருக்கிற ஹோட்டல்' என்றால் எந்தக் குழந்தை மறுக்கும்? சனிக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. கல் தெருவில் தண்ணீர் ஓட, காரிலிருந்து குடையோடு மகள் இறங்கினாள். கூடவே, அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று. மகளின் அம்மாவும் இறங்கினாள்.

"ஒரு தடவை மேல வந்து பார்த்துட்டுப் போறேனே," என்றாள். "எங்க தூங்கப் போறான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

வேண்டாம் என்று சொல்ல என்ன இருக்கிறது?

மூவரும் மேலே போனார்கள். அவர் எல்லா விளக்கையும் போட்டார், டிவியைப் போட்டார். மகள் சின்னக் கட்டிலில் குதித்தாள். இறங்கி வரவேற்பறைக்கு ஓடி வந்தபோது, அவள் உச்சந்தலை சுவர்க் குழிகளுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அதை அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். மகளின் அம்மா சமையலறையைத் திறந்து பார்த்தாள், குழாயைத் திருப்பிப் பார்த்தாள், மஞ்சள் போர்வையைத் தடவிப் பார்த்தாள். வரவேற்பறையில் நடக்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒட்டடை," என்றாள். "புது வீட்டுல எப்படி? முகத்துல படுது பாருங்க."

"நான் எடுத்துடறேன்."

"நீங்க ஏன் இப்படிக் கூன் போட்டு நடக்கறீங்க?"

"நாள் முழுக்க குனிஞ்ச வேலை. நிமிர மறந்துடுது."

அவள் சிரித்தாள். அவரைப் பார்த்து அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. "நல்லாத்தான் இருக்கு வீடு," என்றாள். "நிஜமாவே நல்லா இருக்கு."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த வீட்டை எடுத்தார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. அவளை லிஃப்ட்வரை கொண்டுவிடப் போனார். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, "மிளகு, டிவி பாரு. எதையும் தட்டாத. இதோ வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டுத்தான் போனார். லிஃப்ட் வந்தது. அவள் ஏறவில்லை, கதவைக் காலால் தடுத்து நிறுத்திக்கொண்டு, "ரொம்ப மெலிஞ்சுட்டீங்க. ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள். அவர் ஏதோ தமாஷ் சொன்னார். அவள் பதிலுக்கு ஒன்று சொன்னாள். யாரோ தன் பேச்சுக்குப் பதில் சொல்கிறார்கள். அவர் இன்னும் ஒன்று சொன்னார், அதற்கும் பதில் வந்தது. நடைக்கூடத்துக் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது.

லிஃப்ட் மூடிக்கொண்டது.

திரும்பியபோது டிவி சத்தம் இல்லை.

வரவேற்பறை நடுவில் மகள் நின்றிருந்தாள். அவருக்கு முதுகைக் காட்டி. இரண்டு கைகளையும் மேலே தூக்கி, தூக்கிக்கொள்ளச் சொல்லும் குழந்தைபோல். மாப் கம்பு கீழே கிடந்தது.

"மிளகு."

"அப்பா, அவ பேரு சொல்லிட்டா!" சிரித்துக்கொண்டே சொன்னாள். "மேல வரச் சொல்றா."

கைகள் முழங்கைவரை தெரிந்தன. அதற்குமேல் கைகள் இல்லை.

ஓடினார். முழங்காலில் விழுந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டார். சின்ன உடம்பு. சூடு. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. பயத்தில் இல்லை, சிரிப்பில். அவள் குதிகால் எழும்பியது. விரல் நுனி எழும்பியது. மேலே இருந்து இழுப்பவர்கள் அவசரப்படவில்லை. அவர்களுக்குப் பழக்கப்பட்ட வேலைபோல், நிதானமாக. தலை போனது. தோள் போனது. அவர் பிடி இடுப்பிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து முழங்காலுக்கு வழுக்கியது. கணுக்கால். ஒரு சாக்ஸ்.

கையில் அந்தச் சாக்ஸ் மட்டும்.

எழுந்தார். உச்சி எதிலோ மோதியது. மரம்.

மறுபடி எழுந்தார். மரம். கையால் தடவினார். வழவழப்பான, காய்ந்த, கதகதப்பான பலகை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை. இடுக்கு இடுக்காக. ஃபிரிட்ஜைக் காணோம், அதன் பாதிதான் இருந்தது. கதவைக் காணோம், அதன் பாதிதான் இருந்தது.

மேலே இரண்டு குழந்தைகள் ஓடின. ஒன்றின் காலில் ஒரே ஒரு சாக்ஸ். ஒரு கால் சத்தமாக, ஒரு கால் மெத்தென்று.

"மிளகு! மிளகு!"

முஷ்டியால் குத்தினார். இரண்டு கையாலும் குத்தினார். தூசி கோடு கோடாகக் கண்ணில் விழுந்தது.

ஓட்டம் நின்றது.

பலகை அழுக்குக் கண்ணாடிபோல் மெல்லத் தெளிந்தது. முதலில் உள்ளங்கால்கள். அவர் முகத்துக்கு மேலே, எடை அழுந்தி வெளுத்த உள்ளங்கால்கள். இரண்டு பெரியவை. மேலும் இரண்டு. அறைக் கோடிவரை இன்னும். நடுவில் நான்கு சின்னவை. அதில் ஒன்றுக்கு மட்டும் சாக்ஸ். பெரியவை ஒவ்வொன்றாக மடங்கின. முழங்கால்கள் வந்து பதிந்தன. உள்ளங்கைகள் வந்து பதிந்தன. கன்னங்கள். பிறகு, வரிசையாக, அழுத்தி, காதுகள். கிழட்டுக் காதுகள், பெண்களின் காதுகள், ஒரு குழந்தையின் காது.

அதன் பக்கத்தில் இன்னொரு சின்னக் காது வந்து ஒட்டியது. மேல்விளிம்பில் ஒரு மடிப்பு. அவர் அப்பாவுக்கு இருந்த மடிப்பு, அவருக்கு இருக்கும் மடிப்பு. பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவர் முதலில் தொட்டுப் பார்த்தது அதைத்தான்.

அந்தக் காதுக்கு நேர்கீழே வாயை வைத்து, "அப்பா," என்றார். "அப்பாதான்டா. அப்பா கீழ இருக்கேன்."

காது அசையவில்லை. பிறகு இன்னும் கொஞ்சம் அழுந்தியது, கீழே என்ன ஊர்கிறது என்று உற்றுக் கேட்பவர்களின் காது அழுந்துவதுபோல்.